கிளாஸ் 4 என்று எழுதியிருந்தால் போதுமா? ஆலங்கட்டி மழைக்கு எந்த ஷிங்கிள் போடுவது

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ, மெக்கின்னி பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்கு மார்ச் பிறந்தால் மே முடியும்வரை வானத்தின் மேலேயே ஒரு கண் இருக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் மோதும் காலம் அது. மதியம் நல்ல வெயிலாக இருக்கும், சாயங்காலம் வானம் பச்சை கலந்த கறுப்பாகும், பத்து நிமிடம் ஆலங்கட்டி கொட்டும். மறுநாள் காலை, கூரைமேல் வரிவரியாக அடித்திருக்கும் ஷிங்கிள் என்ற தார்த் தகடுகளை மாற்றித் தர, ரூஃபர்கள் என்ற கூரை வேலைக்காரர்களின் வண்டிகள் தெருவெங்கும் நிற்கும்.

இந்த வருடம் மட்டும் நான்கு வீட்டுக்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, மூணு கொட்டேஷன் வந்திருக்கு. ஒருத்தர் சாதா ஷிங்கிள் போதும்னு சொல்றார். ஒருத்தர் கிளாஸ் ஃபோர் போடுங்கன்னு சொல்றார். இன்னொருத்தர் அதுவும் கிளாஸ் ஃபோர்தான், ஆனா ரப்பர் கலந்ததுன்னு ஆயிரத்தைந்நூறு டாலர் கூடக் கேட்கிறார். எதைப் போடறது?" கிளாஸ் ஃபோர் என்பது ஆலங்கட்டி அடிக்கான சோதனையில் மேல்தரம். நான்கு பேருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைக் கோர்வையாக இங்கே எழுதுகிறேன். இருபது வருடம் தலைக்கு மேல் இருக்கப்போகிற பொருள். அவசரத்தில் முடிவெடுத்துவிட்டு வருந்தக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

## எதை வைத்து முடிவு செய்வது

விலைக்குப் போகுமுன் ஆலங்கட்டி ஒரு ஷிங்கிளை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அஸ்பால்ட் ஷிங்கிள் என்பது கண்ணாடி இழையால் ஆன ஒரு மெல்லிய பாய். அதன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் பொடி கலந்த தார் பூசியிருக்கும், மேலே நிறம் ஏற்றிய கல் குருணை பதித்திருக்கும். ஆலங்கட்டி அடித்தால் இரண்டு விதமான சேதம் வரும். ஒன்று, உள்ளே இருக்கும் பாய் வெடிப்பது. அப்படி வெடித்தால் இன்றோ நாளையோ தண்ணீர் இறங்கும். இன்னொன்று, மேலே இருக்கும் குருணை உதிர்வது. இதனால் உடனே ஒழுகாது. ஆனால் தாரை வெயிலிலிருந்து காப்பது அந்தக் குருணைதான். அது போன இடத்தில் தார் காய்ந்து, சுருங்கி, சில வருடத்தில் விரிசல் விடும். டெக்சாஸ் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக முதல் இரண்டு அளவுகோல்கள்: பாய் தாங்குமா, குருணை நிற்குமா. மூன்றாவது, போடும்போது ஆகும் செலவும் பின்னால் வரும் செலவும். நான்காவது, உங்கள் வீட்டுக் காப்பீட்டில் கூரைக்கு என்ன எழுதியிருக்கிறது. ஐந்தாவது, அந்த வீட்டில் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள். என் அனுபவத்தில் முடிவைப் புரட்டிப் போடுவது நான்காவதுதான். பலரும் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

## கிளாஸ் எண் எங்கிருந்து வருகிறது

ஷிங்கிள் கட்டின் உறையில் இருக்கும் கிளாஸ் 1 முதல் கிளாஸ் 4 வரையான எண், யூஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை அமைப்பின் யூஎல் 2218 சோதனையிலிருந்து வருகிறது. 1996-இல் வந்த சோதனை. முறை எளிது. பிளைவுட் பலகைமேல் புது ஷிங்கிளை அடித்து, குறிப்பிட்ட உயரத்திலிருந்து இரும்புக் குண்டை அதன்மேல் விழவிடுகிறார்கள். அதே இடத்தில் இரண்டாம் முறையும் விழவிடுகிறார்கள். பிறகு ஷிங்கிளை எடுத்து பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். கிழிசல், வெடிப்பு, பிளவு எதுவும் இல்லையென்றால் தேர்ச்சி.

| கிளாஸ் | குண்டின் விட்டம் | விழும் உயரம் | அடியின் ஆற்றல் (தோராயமாக) | அந்த அளவு ஆலங்கட்டி |
|---|---|---|---|---|
| 1 | 1.25 அங்குலம் | 12 அடி | 5 ஜூல் | பெரிய நெல்லிக்காய் |
| 2 | 1.5 அங்குலம் | 15 அடி | 10 ஜூல் | மேசைப்பந்து |
| 3 | 1.75 அங்குலம் | 17 அடி | 18 ஜூல் | கோல்ஃப் பந்து |
| 4 | 2 அங்குலம் | 20 அடி | 32 ஜூல் | கோழி முட்டை |

அட்டவணையின் நான்காவது பத்தியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குண்டின் அளவு முக்கால் அங்குலம்தான் கூடுகிறது, அடியின் ஆற்றலோ ஆறு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆலங்கட்டியிலும் இதே கதைதான். கட்டி பெரிதானால் எடையும் கூடுகிறது, விழும் வேகமும் கூடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் அடி ஏறக்குறைய பதினாறு மடங்கு. அதனால் கிளாஸ் 3-க்கும் கிளாஸ் 4-க்கும் ஒரு படிதான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு படியிலேயே அடி முக்கால் பங்கு கூடுகிறது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பேசும். வானிலைக்காரர்கள் பேஸ்பால் அளவு என்று சொல்லும் ஆலங்கட்டி 2.75 அங்குலம். அதன் அடி, கிளாஸ் 4 சோதனையின் அடியைப் போல மூன்றரை மடங்கு. அந்த அளவு கட்டி நேராக வந்து விழுந்தால் எந்த அஸ்பால்ட் ஷிங்கிளுக்கும் உத்தரவாதம் இல்லை. 2021 ஏப்ரல் 28 அன்று சான் அன்டோனியோவுக்கு மேற்கே ஹோண்டோவில் விழுந்த ஒரு கட்டி 6.4 அங்குலம் இருந்தது. அதற்கெல்லாம் ஷிங்கிளில் பதில் தேட முடியாது. வாடிக்கையாக வரும் ஒன்று முதல் இரண்டு அங்குலக் கட்டிக்குத்தான் இந்தத் தேர்வு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உறையில் "கிளாஸ் ஏ" என்றும் இருக்கும். அது தீ பிடிப்பதற்கான தரம். "130 மைல்" என்று போட்டிருப்பது காற்றுக்கு. இரண்டுக்கும் ஆலங்கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. "சார், இது கிளாஸ் ஏ, டாப் கிளாஸ்" என்று ஒருவர் என் நண்பரிடம் விற்கப் பார்த்தார். யூஎல் 2218, கிளாஸ் 4 என்ற இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

## இரும்புக் குண்டு பார்க்காதது

யூஎல் 2218 கேட்பது ஒரே கேள்வி: பாய் வெடித்ததா? குருணை எவ்வளவு உதிர்ந்தது என்று அது மதிப்பெண் போடுவதில்லை. பள்ளம் விழுந்தாலும் கவலைப்படுவதில்லை. சோதிப்பது புது ஷிங்கிளை. எட்டு வருடம் வெயிலில் கிடந்ததை இல்லை. குண்டு இரும்பு. ஆலங்கட்டியோ விழுந்த வேகத்தில் தானும் நொறுங்கும், அதன் கூர்மையான ஓரங்கள் குருணையைச் சுரண்டிக்கொண்டு போகும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐபிஹெச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு வேறொரு சோதனை செய்கிறது. தென் கரோலினாவின் ரிச்பர்கில் 2010 முதல் அவர்களுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே நிஜ ஆலங்கட்டியின் கடினத்துக்கு ஐஸ் உருண்டைகளைச் செய்து, ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று ஷிங்கிள்மேல் சுடுகிறார்கள். பள்ளம், கிழிசல், குருணை இழப்பு என்று மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். 2019 முதல் முடிவுகளைப் பொருளின் பெயரோடு வெளியிடுகிறார்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அவர்கள் எடுத்துக்கொண்டது எல்லாம் ஏற்கெனவே அடி தாங்கும் ரகம் என்று விற்கப்பட்ட ஷிங்கிள்கள். அப்படியும் எல்லாம் ஒரே தரத்தில் வரவில்லை. சில நன்றாக வந்தன, சில சுமார், சில அதற்கும் கீழே. அதாவது கிளாஸ் 4 என்பது நுழைவுத் தேர்வில் பாஸ் மார்க். யார் முதல் ரேங்க் என்று அது சொல்லாது.

எஃப்எம் 4473 என்று இன்னொரு சோதனையும் காதில் விழும். அது ஓடு, ஸ்லேட் போன்ற விறைப்பான கூரைப் பொருள்களுக்கானது. ஷிங்கிள் வாங்குபவர் அதைத் தேட வேண்டாம்.

## முதல் வழி: சாதாரண ஆர்கிடெக்சரல் ஷிங்கிள்

இன்று புது வீடுகளில் பில்டர் போட்டுத் தருவது பெரும்பாலும் இதுதான். இரண்டு அடுக்கு ஒட்டிய ஷிங்கிள், பழைய மூன்று நாக்கு ஷிங்கிளைவிடக் கனம். பலவற்றில் ஆலங்கட்டிக்கான கிளாஸே குறிப்பிட்டிருக்காது.

புதிதாக இருக்கும்வரை இதன் பாய், ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் வரையான கட்டியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். கோல்ஃப் பந்து அளவு வந்தால் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வருடம் ஏற ஏற தார் இறுகிவிடும், அதே கட்டி அப்போது அதிகம் உடைக்கும். ஆலங்கட்டி விழுமுன் வரும் குளிர்ந்த மழை கூரையைச் சட்டென்று குளிரவைக்கும், குளிர்ந்த தார் இன்னும் எளிதில் வெடிக்கும்.

செலவு இதில்தான் குறைவு. மறைந்திருக்கும் செலவு, ஒவ்வொரு பெரிய மழைக்கும் உங்கள் கையிலிருந்து போகும் டிடக்டிபிள், அதாவது சேதத்தில் காப்பீடு தராமல் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு. அதோடு சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு அட்ஜஸ்டருக்குக் காத்திருப்பது, மாடிமேல் நீலத் தார்ப்பாய், கூரைக்கு அடியில் இருக்கும் ஆட்டிக்கில் வாளி என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

"சாதாவே போட்டுடலாம், அடிச்சா இன்ஷூரன்ஸ் புதுசு போட்டுக் குடுத்துடும்" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். முன்பு டிடக்டிபிள் ஆயிரம் டாலராக இருந்த காலத்தில் அந்தக் கணக்கு ஓடியது. இப்போது காற்று, ஆலங்கட்டிக்கு வீட்டின் காப்பீட்டுத் தொகையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று இருக்கும்போது அது ஓடாது.

இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிட்டுப் போகப்போகிறவர், ஆலங்கட்டி அபூர்வமாக வரும் ஊரில் இருப்பவர், டிடக்டிபிள் உண்மையிலேயே குறைவாக இருப்பவர் ஆகியோருக்கு இது போதும். கலிபோர்னியா கடலோரத்தில் இருக்கும் என் தங்கைக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

## இரண்டாம் வழி: அடியில் வலைத்துணி ஒட்டிய கிளாஸ் 4

கிளாஸ் 4-ஐ எட்ட கம்பெனிகள் இரண்டு பாதையில் போகின்றன. ஒன்று, தாரை அப்படியே வைத்துக்கொண்டு ஷிங்கிளின் முதுகில் ஒரு வலைத்துணியை ஒட்டுவது. ஓவன்ஸ் கார்னிங்கின் டியூரேஷன் ஸ்டார்ம் இந்த வகை. புரட்டிப் பார்த்தால் கொசுவலை மாதிரி கண்ணுக்குத் தெரியும். ரூஃபரிடம் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

பாயின் விஷயத்தில் இது உண்மையான முன்னேற்றம். மேலே அடி விழும்போது கீழ்ப்பக்கம்தான் இழுபட்டு வெடிக்கும். வலை அந்த இழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மேலே இருக்கும் தார் சாதா தார்தான். குருணையைப் பிடித்துவைப்பதும் அதே தார். வலை அடியில் இருப்பதால் மேலே குருணை உதிர்வதை அது தடுக்காது. வருடம் ஏறினால் மேல்தார் சாதா ஷிங்கிள் போலவே இறுகும்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கண்ணில் படாது. கிளாஸ் 4 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்கள், எப்படி அந்த எண் வந்தது என்று கேட்பதில்லை. அதனால் தள்ளுபடியை மட்டும் நினைத்து வாங்குகிறவருக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்புவது இந்த வழியில்தான்.

ஏழெட்டு வருடம் இருக்கப்போகிறவர், தள்ளுபடி நன்றாகக் கிடைக்கும் பாலிசி வைத்திருப்பவர், கை கொஞ்சம் இறுக்கமாக இருப்பவர் இதை எடுக்கலாம்.

## மூன்றாம் வழி: ரப்பர் கலந்த தாரில் கிளாஸ் 4

இரண்டாவது பாதை, தாரையே மாற்றுவது. எஸ்பிஎஸ் என்ற ரப்பர் தன்மையுள்ள பாலிமரைத் தாரில் கலக்கிறார்கள். செருப்பு அடி செய்யப் பயன்படும் அதே குடும்பத்துப் பொருள். ஜிஏஎஃப்பின் டிம்பர்லைன் ஏஎஸ் 2, ஓவன்ஸ் கார்னிங்கின் டியூரேஷன் ஃப்ளெக்ஸ், செர்டன்டீட்டின் நார்த்கேட், மலார்க்கியின் லெகஸி எல்லாம் இந்த வகை.

ஒரு ரூஃபர் என் வீட்டு வாசலில் வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. குளிர்காலக் காலை. சாதா ஷிங்கிள் துண்டு ஒன்று, ரப்பர் ஷிங்கிள் துண்டு ஒன்று, இரண்டும் ராத்திரி முழுக்க அவருடைய வண்டியில் கிடந்தவை. சாதா துண்டைக் கையில் மடக்கினார். மடிப்பில் மெல்லிய சத்தம், அப்பளம் உடைவது போல. கோட்டுக்கு நேராக விரிசல், காலடியில் குருணை கொட்டியது. ரப்பர் துண்டை அதே போல மடக்கினார். செருப்புத் தோல் மாதிரி வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். குருணை வந்தது, ஆனால் எண்ணிவிடலாம் போல.

அந்த வளைவில்தான் இதன் பலம். அடி விழும்போது பொருள் முழுக்க அடியை வாங்கி அமிழ்ந்து எழுகிறது. குருணையையும் இறுக்கிப் பிடிக்கிறது. குளிரிலும் சீக்கிரம் விறைக்காது. அதற்காக ரப்பர் என்று பெயர் இருந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு பாலிமர், எவ்வளவு தடிமன் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கப்போகும் பொருளின் பெயரை ஐபிஹெச்எஸ் பட்டியலில் தேடி, குருணை இழப்பு என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கிளாஸ் 4-க்கு நடுவே தீர்ப்பு சொல்வது அந்தக் கட்டம்தான்.

செலவு மூன்றிலும் இதுதான் அதிகம். வலைத்துணி வகையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் காப்பீட்டில் தனித் தள்ளுபடி கிடையாது. அது கூரையின் ஆயுளுக்காக நீங்கள் கொடுப்பது.

பத்து வருடத்துக்கு மேல் அதே வீட்டில் இருக்க நினைப்பவர், டிடக்டிபிள் இரண்டு சதவீதம் இருப்பவர், கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் தரும் பாலிசி வைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

| அளவுகோல் | சாதா ஆர்கிடெக்சரல் | வலைத்துணி கிளாஸ் 4 | ரப்பர் தார் கிளாஸ் 4 |
|---|---|---|---|
| பாய் வெடிக்காமல் இருப்பது | சிறு கட்டிவரை | 2 அங்குலச் சோதனையில் தேறியது | 2 அங்குலச் சோதனையில் தேறியது |
| குருணை நிற்பது | சுமார் | சாதாவை ஒட்டியே | பொதுவாக மேல் |
| குளிரில் வளைவு | குறைவு | குறைவு | நன்று |
| விலை | குறைவு | நடுவில் | அதிகம் |
| பிரீமியத் தள்ளுபடி | இல்லை | உண்டு | உண்டு, அதே அளவு |
| யாருக்கு | சீக்கிரம் விற்பவருக்கு | நடுத்தரக் காலம் இருப்பவருக்கு | நீண்ட காலம் இருப்பவருக்கு |

தகரக் கூரை பற்றியும் கேட்கிறார்கள். தகரம் ஓட்டையாவது அரிது, பள்ளம் விழுவது நிச்சயம். பல பாலிசிகளில் அந்தப் பள்ளத்துக்குப் பணம் கிடையாது. விலையும் வேறு உயரத்தில் இருக்கிறது. அது தனிப் பேச்சு.

## பாலிசியை எடுத்து மேசைமேல் வையுங்கள்

ஷிங்கிள் மாதிரிகளைப் பார்க்குமுன் காப்பீட்டுப் பாலிசியின் முதல் சில பக்கங்களைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

காற்று, ஆலங்கட்டி டிடக்டிபிள் எவ்வளவு சதவீதம்? இது கூரை விலையில் சதவீதம் இல்லை, வீட்டின் மொத்தக் காப்பீட்டுத் தொகையில் சதவீதம். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூரைக்கு முழு மாற்றுச் செலவு தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா? பழைய கூரை உள்ள வீடுகளுக்குப் பாலிசி புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் இரண்டாவதுக்கு மாற்றியிருப்பார்கள். கூட வரும் நீண்ட கடிதத்தில் ஒரு வரியாக அது இருக்கும்.

அழகுக்கேடு மட்டும் என்றால் பணம் இல்லை என்ற விலக்கு இருக்கிறதா? கிளாஸ் 4 தள்ளுபடி வாங்கும்போதே சில கம்பெனிகள் இதில் கையெழுத்துக் கேட்கும். ஒழுகாத, ஆனால் பார்க்க அசிங்கமான சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். தள்ளுபடி வருடத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொட்டேஷன் எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு 4 லட்சம் டாலர், டிடக்டிபிள் இரண்டு சதவீதம், அதாவது 8,000. கூரை முப்பது ஸ்கொயர். ரூஃபர் பேச்சில் ஒரு ஸ்கொயர் என்பது நூறு சதுர அடி. சாதா ஷிங்கிள் 15,000, வலைத்துணி 16,500, ரப்பர் 18,000. கிளாஸ் 4-க்கு வருடத் தள்ளுபடி 300 என்று வைப்போம். வலைத்துணிக்குக் கூடக் கொடுத்தது ஐந்து வருடத்திலும், ரப்பருக்குக் கூடக் கொடுத்தது பத்து வருடத்திலும் திரும்பும்.

இதற்கு நடுவில் ஒரு முறை கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டி வந்து சாதா கூரை போனால், முழு மாற்றுச் செலவு தரும் பாலிசியிலேயே உங்கள் கையிலிருந்து 8,000 போகும். தேய்மானம் கழிக்கும் பாலிசி என்றால் இன்னும் மோசம். இருபது வருட ஆயுள் என்று வைத்த கூரைக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் மிச்ச மதிப்பு 6,000 என்பார்கள். அதிலிருந்து 8,000 டிடக்டிபிளைக் கழித்தால் உங்களுக்கு வருவது ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்காரர் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார், ஆனால் கூரைக்கு அவரிடம் காப்பீடே இல்லை என்பதுதான் நிலவரம். அவருக்கு ரப்பர் ஷிங்கிளுக்குக் கூடக் கொடுக்கும் 3,000 ஒரு பொருட்டே ஆகாது.

இன்னொன்று, பழைய ஷிங்கிளைப் பிரிப்பது, குப்பை அள்ளுவது, கூலி, அடியில் விரிக்கும் தாள் எல்லாம் மூன்று வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஷிங்கிள் கட்டின் விலையில் மட்டும். காப்பீட்டுக் கம்பெனி பழைய கூரைக்கு இணையான கூரைக்குப் பணம் தரும் நேரத்தில், மேலே இருக்கும் அந்த வித்தியாசத்தை மட்டும் நீங்கள் போட்டு ஒரு படி ஏறலாம். இதைவிடக் குறைந்த செலவில் ஏறும் வாய்ப்பு பிறகு வராது.

## வாரண்டி என்ற வார்த்தை

"ஐம்பது வருட வாரண்டி, கிளாஸ் 4" என்று சேர்த்துச் சொல்லும்போது ஆலங்கட்டிக்கும் வாரண்டி இருப்பதாகத்தான் காதில் விழும். பெரும்பாலான ஷிங்கிள் வாரண்டிகளில் ஆலங்கட்டிச் சேதம் சேராது. வாரண்டி தயாரிப்புக் குறைக்கு. கிளாஸ் 4 என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையில் தேறியது என்ற தகவல். மழை அடித்தபின் உங்களுக்குப் பணம் தரக்கூடியது காப்பீடு மட்டும்தான். கொட்டேஷன் பேசும்போதே இதை ரூஃபரிடம் நேராகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

## கையெழுத்துக்கு முன்

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கிளாஸ் 4 என்று எழுதி வாங்கி, நல்ல ஷிங்கிளும் போட்டார்கள். தள்ளுபடிக்கு விண்ணப்பித்தபோது ஆய்வுக்கு வந்தவர் ஏணி வைத்து ஏறி, கூரையின் முகட்டு வரியில் கையை வைத்து, "இது மட்டும் சாதா ஷிங்கிள்" என்றார். முகட்டுக்கு ரூஃபர் சாதா ஷிங்கிளை வெட்டி மடித்து அடித்திருந்தார். மறுபடி ஆள் வரவழைத்து முகட்டை மட்டும் பிரித்து மாற்ற மூன்று வாரம் ஆனது. அதுவரை தள்ளுபடி நிறுத்திவைக்கப்பட்டது. முகட்டு ஷிங்கிளும் கிளாஸ் 4 என்று கொட்டேஷனில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஷிங்கிள் மேலேயே புதியதை அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சோதனை நடந்தது கெட்டியான பலகைமேல். அடியில் மெத்தென்று பழைய அடுக்கு இருந்தால் அடி விழும்போது மேல் ஷிங்கிள் அதிகம் வளைந்து வெடிக்கும். காசை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளாஸ் 4-ஐயே வீணாக்கும் வேலை அது.

"டிடக்டிபிளை நாங்க பார்த்துக்கறோம், நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அது சட்டவிரோதம். டிடக்டிபிள் கட்டிய ரசீதைக் காப்பீட்டுக் கம்பெனி கேட்கலாம். கூரை வேலைக்கு டெக்சாஸ் மாநில அரசு லைசென்ஸ் எதுவும் தருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். மழைக்கு மறுநாள் கதவைத் தட்டுபவர் அடுத்த வருடம் போனை எடுப்பாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதிக்குப் பயப்பட வேண்டாம். அக்கம்பக்கத்துக் கூரைகளோடு தோற்றம் ஒத்துப்போனால், ஆலங்கட்டி தாங்கும் ஷிங்கிளை ஹெச்ஓஏ தடுக்க முடியாதபடி டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிற மாதிரியைக் கொடுத்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள். லாரியில் வந்து இறங்கும் ஷிங்கிள் கட்டின் உறையைப் பாருங்கள். பொருளின் பெயர், யூஎல் 2218, கிளாஸ் 4 மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். படம் எடுத்துக்கொண்டு, ஒரு உறையைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் தள்ளுபடிக்காக எந்தக் கிளாஸ் கூரை போடப்பட்டது என்று சான்று சொல்லும், டெக்சாஸ் காப்பீட்டுத் துறையின் பிசி068 படிவத்தில் ரூஃபரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். பணம் முழுதும் கைமாறிய பிறகு அந்தப் படிவத்துக்காக நான் நாலு முறை போன் செய்தேன். என்னிடம் கேட்ட நாலு வீட்டுக்காரர்களில் மூன்று பேர் ரப்பர் வகையைப் போட்டார்கள், அடுத்த வருடம் ஆஸ்டினுக்கு மாறப்போகிற ஒருவர் சாதாவே போட்டார். நாலு பேருமே அந்தக் கடைசிக் காசோலையைப் படிவம் கைக்கு வந்த பிறகுதான் கொடுத்தார்கள்.